‘தொடரும்’ என்று முடியும் கதைகள்

சென்ற திங்களில் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பெருமாநல்லூர்ப் பங்கைச் சேர்ந்த கட்டிங் மாஸ்டர் ஒருவர் தம் மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்தின் வாயிலுக்கு வந்தார். அழைத்து வந்தார் என்பதைவிட இழுத்து வந்தார் என்பதே பொருந்தும். பையன் பதினோராம் வகுப்பு மாணவன். தலை குனிந்து நின்றான்.

“சாமி, இவனைக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கும் போர்வைக்குள்ள போன் வெளிச்சம் தெரியுதுங்க. கேட்டா, பொம்மைக் கதை படிக்கிறேங்கறான். பதினாறு வயசுப் பையனுக்குப் பொம்மைக் கதை என்னத்துக்குங்க?”

தந்தை ஒன்றரை ஷிப்ட் வேலை முடித்து இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர். அவருடைய கவலையில் நியாயம் உண்டு. நாமும் தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தகைய வேளைகளுக்கென்று குருக்கள் வைத்திருக்கும் அறிவுரையை எடுத்து விரிக்க ஆயத்தமானோம். அதற்கு முன், வழக்கு இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? “என்ன கதையப்பா அது, காட்டு பார்க்கலாம்” என்றோம்.

பையன் கைப்பேசியைக் காட்டினான். கொரிய நாட்டினர் வரைகின்ற படக்கதைகள். பக்கம் புரட்டுவது இல்லை; கிணற்றில் கயிறு இறங்குவதுபோல் விரலால் கீழ்நோக்கி உருட்டிக்கொண்டே போக வேண்டும். ‘வெப்டூன்’ என்று அவற்றுக்குப் பெயர். நேவர் என்னும் கொரிய நிறுவனம் 2004-இல் தொடங்கிய சேவை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. வாரம் ஓர் அத்தியாயம் வரும். அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே படிக்க விரும்பினால் காசு கட்ட வேண்டும். இல்லையேல் பொறுத்திருக்க வேண்டும். நம் பையன் பொறுத்திருக்கும் கட்சி.

“எத்தனை கதை படிக்கிறாய்?”

“ஏழுங்க சாமி. ஒண்ணு இருநூறு அத்தியாயம் தாண்டிருச்சுங்க. இன்னொண்ணு...” என்று நிறுத்தினான். “இன்னொண்ணு ரெண்டு வருசமா வரலைங்க.”

“நின்றுவிட்டதா?”

“நின்னுதுன்னும் சொல்லலைங்க. வருதுன்னும் சொல்லலைங்க. நான் புதன்கிழமை புதன்கிழமை பாத்துட்டுத்தான் இருக்கறேன்.”

இதைச் சொல்லும்போது அவன் முகம் இருந்த நிலையைக் கண்டு, அறிவுரை கூற எழுந்த நம் நா அடங்கிப்போயிற்று. அந்த முகத்தை நாம் நன்கு அறிவோம். 1980-களில் நம் முகமே அதுதான்.

வாசக அன்பர்களே, படக்கதை என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோர் இவ்விதழைப் படிப்பவர்களுள் பலர் இருப்பீர்கள். ஒரு கேள்வி கேட்கிறோம். தேநீர்க் கடையில் தினத்தந்தித் தாள் கைக்கு வந்ததும், தலைப்புச் செய்தியை விட்டுவிட்டுக் கன்னித்தீவைத் தேடாதவர் உங்களில் எத்தனை பேர்?

1960-இல் தொடங்கிய கதை அது. மந்திரவாதி மூசாவினால் சிற்றுருவாக்கப்பட்ட லைலாவை மீண்டும் பழைய உருவுக்குக் கொண்டுவரச் சிந்துபாத் புறப்பட்டான். புறப்பட்டவன் இன்னும் வீடு திரும்பவில்லை. நாள்தோறும் இரண்டு மூன்று கட்டங்கள். வழியில் ஓர் அரக்கன், ஒரு தீவு, ஒரு புயல், ஓர் அரசி. அறுபது ஆண்டுகளைக் கடந்து, இருபதாயிரம் நாள்களைத் தாண்டி அவன் பயணம் நீண்டிருக்கிறது. வரைந்த கைகள் மாறின. படித்த தலைமுறைகள் மாறின. மூசா மட்டும் அகப்படவில்லை. முடிவே இல்லாத எதற்கும் ‘கன்னித்தீவு’ என்று பெயரிடும் வழக்கம் தமிழில் நிலைத்துவிட்டது. தோண்டிப் போட்டு மூடாத சாக்கடையையும், தீர்ப்பாகாத வாய்க்கால் வழக்கையும், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையையும் நம் மக்கள் இப்பெயரால்தான் குறிக்கிறார்கள். ஒரு படக்கதை மொழிக்குள் ஒரு சொல்லாகவே குடியேறிவிட்டதென்றால் அது சிறிய காரியமா?

நம் பகுதியில் பனியன் கம்பெனிகள் பெருகிய காலத்தில், காலை எட்டரை மணிச் சங்கு ஊதுமுன் தேநீர்க் கடைகளில் நடந்த காட்சியை வயது முதிர்ந்தோர் அறிவர். தினத்தந்தியின் தாள்களைத் தனித்தனியே பிரித்து ஆளுக்கு ஒன்றாய் வைத்துக்கொள்வார்கள். கன்னித்தீவு உள்ள தாள் மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் ஒருவர் உரக்கப் படிக்க, ஓவர்லாக் டெய்லரும் கைமடிக்கும் சிறுவனும் ஒரே பெஞ்சில் அமர்ந்து கேட்பார்கள். நம் பங்கில் முதிய தாயார் ஒருவர், தமக்கு எழுத்தறிவித்த ஆசான் சிந்துபாத்தே என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பள்ளி சென்றதில்லை; படத்தைப் பார்த்து, கீழே உள்ள வரியை ஊகித்து, ஊகம் சரியா என்று மகனிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாராம்.

கன்னித்தீவைப் படித்து எவரும் ஏமாற்றமடைந்ததாகத் தெரியவில்லை. முடியாது என்று தெரிந்தே படிக்கிறோம். அது ஒருவகை நிம்மதி. முடிவு உண்டென்று வாக்களித்துவிட்டு, அதை வாராமல் வைத்திருக்கும் கதைகளே மனிதனைப் படுத்துகின்றன.

நாம் அவ்வகையில் மாட்டிக்கொண்ட வரலாறு இது. 1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கி, ‘இரும்புக்கை மாயாவி’யை முதல் இதழாக வெளியிட்டார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மாயாவி ஆங்கிலேயர் படைப்பு. ஆயினும் நம் சிற்றூர்ச் சிறுவர்களுக்கு அவன் பக்கத்துத் தெருக்காரன். 1984-இல் அவர் மகன் விஜயன், இருபது வயதையும் எட்டாத இளைஞர், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. அப்போது நமக்குப் பதினான்கு வயது. அந்த வயதில் ஒரே ஆண்டில் இரண்டு காமிக்ஸ் இதழ்கள் பிறப்பதென்பது எத்தகைய பேறு என்பதை விளக்க நம்மிடம் சொற்கள் இல்லை.

பெரும்பாலான கதைகள் ஓர் இதழிலேயே முடிந்துவிடும். கொலைகாரன் பிடிபடுவான், மாயாவி அலுவலகம் திரும்புவார். ‘இரத்தப் படலம்’ அவ்வாறு முடியவில்லை. கடற்கரையில் குண்டடிபட்டு ஒதுங்கிக் கிடக்கிறான் ஒருவன். ஒரு முதிய தம்பதியர் அவனைக் காப்பாற்றுகின்றனர். தான் யாரென்று அவனுக்கு நினைவில்லை. கழுத்தெலும்பின் அருகே பதிமூன்று என்னும் எண் பச்சை குத்தியிருக்கிறது. அமெரிக்க அதிபரைச் சுட்டுக் கொன்றவன் இவனே என்று அரசு தேடுகிறது. கொன்றது தானா என்று அவனுக்கே தெரியாது! இந்தக் கேள்வியோடு ஒரு சிறுவனை நிறுத்திவைத்தால் அவன் இலத்தீன் இலக்கணம் படிப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

சிறு குருமடத்தில் சேர்ந்த பின்னும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. விடுமுறைக்கு ஊர் சென்றால் பழைய புத்தகக் கடைகளில் அடுத்த பாகத்தைத் தேடுவோம். மூன்றாம் பாகம் கிடைக்கும்; இரண்டாம் பாகம் கிடைக்காது. ஒரு முறை கிடைத்த பிரதியில் கடைசி எட்டுப் பக்கங்கள் இல்லை. எவனோ கிழித்து வைத்துக்கொண்டான். அவனை மன்னிக்க நமக்குச் சில ஆண்டுகள் பிடித்தன என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

தாமதம் தமிழில் மட்டும் என்று எண்ணலாகாது. மூலத்தை எழுதிய ஜான் வான் ஹாம், வரைந்த வில்லியம் வான்ஸ் ஆகிய இருவரும் பெல்ஜிய நாட்டினர். 1984-இல் தொடங்கிய கதையை அவர்கள் 2007-இல்தான் முடித்தனர். பத்தொன்பது பாகங்கள், இருபத்து மூன்று ஆண்டுகள். பள்ளிச் சிறுவனாய்த் தொடங்கிய வாசகன் நரை தோன்றிய பின்பே அந்தப் பதிமூன்றாம் எண்ணுக்குரியவன் யாரென்று அறிந்தான். பின்னர் 2011 முதல் வேறு இருவர் அக்கதையை மேலும் நீட்டினர் என்பதையும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டபோது நமக்கு மகிழ்ச்சியை முந்திக்கொண்டு களைப்பே வந்தது.

தொடர்கதை வாசகரின் இந்தப் பாடு படக்கதைக்கு மட்டும் உரியதன்று. 1950 முதல் 1954 வரை கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் அவர்களின் சித்திரங்களோடு பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் தமிழகத்தில் ஏராளம். கதை முடிந்ததும், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் துளைத்தெடுக்க, ஆசிரியர் முடிவுரையில் விடை கூறும்படி ஆயிற்று. நான்காண்டுக் காலம் எழுதியவரிடம் மேலும் கணக்குக் கேட்கும் உரிமை வாசகனுக்கு எங்கிருந்து வந்தது? ஆயினும் கேட்டார்கள். நாமும் கேட்டிருப்போம்.

இங்கே மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் டெய்லர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது கம்பெனியில் என்ன நடக்கிறது? இரவு பகல் தெரியாது. காய்ச்சல் வந்தாலும் டேபிளை விட்டு எழ முடியாது. வாரம் ஓர் அத்தியாயம் வரையும் சித்திரக்காரனுக்கு வாரந்தோறும் ஷிப்மென்ட் தேதி. நீங்கள் இரண்டு நிமிடத்தில் உருட்டித் தள்ளும் படங்களை வரைய அவனுக்கு ஆறு நாள் ஆகிறது.

ஜப்பானில் மியுரா கென்டாரோ என்னும் சித்திரக்காரர் இருந்தார். 1989 முதல் ‘பெர்செர்க்’ என்னும் கதையை வரைந்து வந்தார். கோடு கோடாக, கவசத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரியும்படி வரைகிறவர். ஆதலால் ஆண்டுகள் செல்லச் செல்ல இதழுக்கும் இதழுக்கும் இடைவெளி பெருகிற்று. உலகெங்குமிருந்து வாசகர்கள் முணுமுணுத்தனர்; கேலியும் செய்தனர். 2021 மே மாதம் இதயத்திலிருந்து செல்லும் பெருங்குழாய் கிழிந்து அவர் இறந்தார். வயது ஐம்பத்து நான்கு. நம்மை ஒத்த வயது. கேலி செய்தவர்கள் அன்று வாயடைத்து நின்றனர்.

கதை அத்துடன் நின்றதென்றே எல்லாரும் எண்ணினர். மியுராவின் பள்ளித் தோழர் மோரி கோஜி என்பவரும் சித்திரக்காரரே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மியுரா அவரை அழைத்து, கதை முழுவதையும் இறுதிவரை வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். முடிவை அறிந்தவர் உலகில் அவர் ஒருவரே. 2022-இல் மோரி முன்வந்தார். மியுராவின் மாணவர்கள் வரைய, நண்பன் சொன்னதை மட்டும் சொல்வேன், நானாக எதையும் கூட்டமாட்டேன் என்னும் உறுதியோடு கதையைத் தொடர்ந்தார். மற்றவர் எவரும் கேளாத ஒரு சொல்லை முப்பதாண்டுகள் நெஞ்சில் வைத்திருந்த அந்த நண்பரை எண்ணும்போது, நமக்குப் படக்கதை மறந்து வேறு பல நினைவுகள் எழுகின்றன. அவற்றை வேறொரு திங்களில் எழுதுவோம்.

எல்லாச் சித்திரக்காரரும் அவ்வாறு விரும்புவதில்லை. அமெரிக்காவில் ‘பீனட்ஸ்’ வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் ஐம்பதாண்டுக் காலம், 1950 முதல், 17,897 சித்திரங்களைத் தம் கையாலேயே வரைந்தார். வேறெவரும் தொடரக் கூடாதென்பது அவர் விருப்பம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இரவு அவர் இறந்தார். மறுநாட் காலைச் செய்தித்தாளில் அவருடைய விடைபெறும் சித்திரம் வெளிவந்தது. டின்டின் கதைகளை வரைந்த எர்ஷேயும் தம் வீரனை வேறு கையில் கொடுக்க இசையவில்லை. 1983-இல் அவர் இறந்தபோது பாதியில் நின்ற கதை, கோட்டோவியங்களாகவே 1986-இல் அச்சேறியது. டின்டினைக் கொல்லப் பகைவர்கள் கொண்டு செல்லும் காட்சியோடு அது நிற்கிறது. நாற்பதாண்டுகளாக அவன் அந்த வாசலிலேயே நிற்கிறான்.

எது சரி? கன்னித்தீவைப் போலக் கை மாற்றிக் கை மாற்றி ஓட்டுவதா, ஷுல்ஸைப் போலத் தம்மோடு எடுத்துச் செல்வதா? மோரி செய்ததே நம் மனத்துக்கு உகந்தது. ஆனால் அத்தகைய நண்பன் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

தாமதத்தைக் குறித்து இவ்வளவு பேசும் நாம் யோக்கியரா என்று நீங்கள் கேட்கலாம். இப்பகுதியையே முன்பொருமுறை இரு திங்கள் எழுதாமல் விட்டவர்கள் நாம். அது போகட்டும். அதனினும் பெரிய கடன் ஒன்று நம் கணக்கில் இருக்கிறது.

முன்பு வேறொரு பங்கில் நாம் பணியாற்றியபோது, அங்கே அயர்னிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். முப்பதாண்டுக் காலம் இஸ்திரிப் பெட்டியின் வெப்பத்தில் நின்றவர். பேச்சுவாக்கில் அவரும் ‘இரத்தப் படலம்’ வாசகர் என்று தெரியவந்தது. சனிக்கிழமைச் சம்பளம் வாங்கியதும் திருப்பூர் நடைபாதைக் கடையில் பழைய பிரதிகளைத் தேடியவராம். அவரிடமும் தொடர்ச்சியாக இல்லை, நம்மிடமும் இல்லை. அவரிடம் இருந்ததை நாமும், நம்மிடம் இருந்ததை அவரும் சொல்லிக் கதையை ஒட்டுப் போட்டோம். ஒப்புரவுக்கு வந்தவர்கள் வெளியே காத்திருக்க, உள்ளே இரண்டு வளர்ந்த ஆண்கள் மேஜர் ஜோன்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளும் உண்டு. இதை ஆயர் அவர்கள் படிக்க நேர்ந்தால் பொறுத்தருள்வாராக.

2010-இல் பாகங்கள் எல்லாம் சேர்ந்து கறுப்பு வெள்ளையில் ஒரே பெருந்தொகுப்பாய்த் தமிழில் வெளிவந்தன. “சாமி, எப்படியாவது எனக்கொண்ணு வாங்கித் தாங்க. கடைசியில அவன் யாருன்னு தெரிஞ்சுக்கோணும்” என்றார். சரி என்றோம். அந்த ஆண்டு மறந்தோம். அடுத்த ஆண்டு நினைவு வந்தபோது பிரதிகள் தீர்ந்துவிட்டிருந்தன. பின்னர் மாற்றலாகி வேறு ஊர் சென்றோம். 2018-இல் அதே கதை வண்ணத்தில் வெளிவந்தது. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கு லயன், முத்து வாசகர்கள் ஆண்டுதோறும் திரண்டு வருவது வழக்கமாகியிருக்கிறது. ஒருமுறை நாமும் வேடிக்கை பார்க்கப் போனோம். வழுக்கையும் நரையுமாய், வங்கி அலுவலர், ஆசிரியர், மில் தொழிலாளர் என்று பலரும் சிறுவர்களைப் போல் கூச்சலிட்டுக்கொண்டிருந்தனர். இடையில் வெளியீடுகள் அருகிப்போய், 2012-இன் தொடக்கத்தில் மீண்டும் புத்துயிர் பெற்ற இதழ்களுக்கு இப்படியொரு குடும்பம் காத்திருந்தது கண்டு வியந்தோம். வண்ணப் பதிப்பையும் பின்னர் வாங்கினோம். ஆனால் அயர்னிங் மாஸ்டர் அதற்குள் வீடு மாறிவிட்டார். தேடிக் கண்டுபிடிக்க நாம் பெரிதாக முயலவில்லை என்பதே உண்மை. புத்தகம் நம் அலமாரியில் உறங்கிற்று.

பெருமாநல்லூருக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் வாரம், நோயாளிகளைச் சந்திக்கச் சென்ற ஒரு வீட்டில் அவர் கட்டிலில் அமர்ந்திருந்தார். மகனோடு இங்கே குடிவந்துவிட்டாராம். நம் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றார். ஆனால் முகத்தைச் சற்றே வேறு திசையில் வைத்திருந்தார். சர்க்கரை நோயால் இரு கண்களிலும் பார்வை போய்விட்டது.

“சாமி, புஸ்தகம் வாங்குனீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

வாங்கினோம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் சொன்னோம்.

மறுவாரம் புத்தகங்களை எடுத்துச் சென்று படித்துக் காட்ட முயன்றோம். உரையாடலை மட்டும் ஏற்ற இறக்கத்தோடு படித்தோம். சிறிது நேரம் கேட்டுவிட்டு, “சத்தம் கேக்குதுங்க சாமி. ஆளைக் காணோம்” என்றார். படக்கதையில் பாதி சொல்லப்படுவதே இல்லை, வரையப்படுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. படத்தைச் சொற்களால் விளக்க நமக்கு வரவில்லை. கதவு திறந்திருக்கிறது, ஒருவர் நிற்கிறார் என்று மறையுரைபோல் சொன்னோம். அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். மூன்று வாரங்களில் வேலை மிகுதி என்று நாமே நிறுத்திவிட்டோம்.

இவையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை, கட்டிங் மாஸ்டரின் மகன் தலை குனிந்து நின்றபோது நம் நினைவில் ஓடின. தந்தையிடம், “பத்து மணிக்கு மேல் போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வைத்துக்கொள்ளுமுன் இன்றைக்குக் கதையில் என்ன நடந்தது என்று அவனைக் கேளுங்கள்” என்றோம். அவர் நம்மைச் சந்தேகத்தோடு பார்த்தார். பையனிடம், “உனக்கு ஒரு வேலை தருகிறேன்” என்று சொல்லி, அலமாரியைத் திறந்தோம்.

அன்றுமுதல் ஞாயிறு மாலைகளில் அவன் அந்த வீட்டுக்குச் செல்கிறான். நாமும் ஒருநாள் கூடச் சென்று ஓரமாய் அமர்ந்து கவனித்தோம். பையன் நம்மைவிடப் பன்மடங்கு தேர்ந்தவன். “தாத்தா, இப்ப கடல் மேல இருந்து பாக்கற மாதிரி இருக்குங்க. ஆளு எறும்பாட்டம் தெரியறான். அடுத்த கட்டத்துல மூஞ்சி மட்டும், பெருசா. கண்ணு எங்கயோ பாக்குது.” பெரியவர் தலையை அசைத்துக் கேட்கிறார். தாம் முன்பு கறுப்பு வெள்ளையில் பார்த்த பக்கங்கள் வரும்போது அவரே முந்திக்கொண்டு, “அந்த வீட்டுக்குப் பின்னால ஒரு மரம் இருக்குமே?” என்கிறார். இருக்கிறது. என்ன நிறம் என்று கேட்கிறார். பச்சை என்றால் போதவில்லை அவருக்கு. எந்தப் பச்சை? பையன் யோசித்து, “நம்ம ஏரியில தண்ணி வந்தப்ப கரையில புல்லு இருக்குமே, அந்தப் பச்சைங்க” என்றான். நாற்பதாண்டுகள் சாயத் துணிகளை மடித்தவருக்கு அது போதும், ஷேடு புரிந்துவிட்டது.

இவ்வாறு ஒவ்வொன்றாய் முடித்து வந்தவர்கள், கடைசிப் பாகத்தின் வாயிலில் சண்டையிட்டுக்கொண்டார்கள். பெரியவர், “இது இருக்கட்டும் கண்ணு. அப்புறம் படிக்கலாம்” என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் பொறுத்தான். இரண்டு வாரம் பொறுத்தான். மூன்றாம் வாரம் நம்மிடம் முறையிட வந்துவிட்டான்.

“முடிவு கையில இருக்குதுங்க சாமி! படிக்க மாட்டேங்கறாரு. எனக்கு அந்தக் கொரியாக் கதை முடிவு கிடைக்கவே மாட்டேங்குது. இவருக்குக் கிடைச்சும் வேண்டாங்கறாரு. நான் தனியாப் படிச்சுக்கட்டுங்களா?”

“படித்தால் அவரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா உன்னால்?”

நேர்மையான பையன். முடியாது என்றான்.

பெரியவரிடம் சென்று பையனின் வழக்கை எடுத்துரைத்தோம். அவனும் கூடவே நின்றான். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கண்ணு, முப்பத்தஞ்சு வருசமா அவன் யாருன்னு யோசிச்சுட்டுத்தான் இஸ்திரி போட்டேன். கண்ணு தெரியாமப் போனப்பறம் ராத்திரி தூக்கம் வராது. அப்ப அதைத்தான் யோசிச்சுட்டுக் கிடப்பேன். தெரிஞ்சுட்டா அப்பறம் நான் என்னத்தை யோசிக்கறது?” என்றார்.

பையன் அதற்கு விடை கூறவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை, அவன் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. புத்தகத்தை அவர் தலைமாட்டு அலமாரியில் வைத்தான். சற்று நேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“சரி, இன்னைக்குப் பேப்பர் கிடக்குதான்னு பாரு” என்றார் பெரியவர். “சிந்துபாத்து எங்க போயிருக்கான்?”

பையன் திண்ணையில் கிடந்த தாளை எடுத்து வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.